கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்திய பேச்சு

1775 மார்ச் 23, வியாழக்கிழமை. பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றங்களில் ஒன்றான வர்ஜீனியாவில் ரிச்மண்ட் என்ற சிற்றூரின் மேட்டில் மரத்தால் கட்டிய ஒரு தேவாலயம். ஊரில் அதைவிடப் பெரிய கூடம் கிடையாது. ஏறத்தாழ 120 பிரதிநிதிகள் உள்ளே நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள். இடம் கிடைக்காதவர்கள் வெளியே நின்று, திறந்திருந்த ஜன்னல்கள் வழியாகக் காதைக் கொடுத்தார்கள். அப்படி ஒரு ஜன்னலோரம் நின்று கேட்டவர்களில் எட்வர்ட் காரிங்டன் ஒருவர். பேச்சு முடிந்ததும், "நான் செத்தால் என்னை இந்த இடத்திலேயே புதையுங்கள்" என்று அவர் சொன்னதாகச் சொல்வார்கள். 35 ஆண்டுகள் கழித்து, 1810இல், அந்தத் தேவாலய வளாகத்திலேயே அவரைப் புதைத்தார்கள்.

அவர் கேட்டது, வழக்கறிஞரும் பிரதிநிதிகளில் ஒருவருமான பேட்ரிக் ஹென்றியின் பேச்சை. "எனக்குச் சுதந்திரம் கொடு, இல்லையேல் சாவைக் கொடு" என்ற அதன் கடைசி வரி உலகம் முழுவதும் சுற்றிவிட்டது. பேச்சில் மற்றதெல்லாம் மறந்துபோய், அந்த ஒரு வரி மட்டும் தங்கிவிட்டது. எனக்கு அதில் வருத்தம் உண்டு. உயிரா விடுதலையா என்று கேட்கும் வாக்கியம் ஹென்றிக்கு முன்பே அங்கே பழக்கமாகியிருந்தது. ஜோசப் அடிசன் எழுதி 1713இல் மேடையேறிய 'கேட்டோ' நாடகத்தை அமெரிக்கக் குடியேற்றங்களில் படித்தவர்கள் விரும்பிப் பார்த்தார்கள். சங்கிலியா வெற்றியா, சுதந்திரமா சாவா என்று அடுக்கும் வரிகள் அந்த நாடகத்திலேயே உண்டு. அந்த வரியை யாரும் சொல்லியிருக்கலாம். அந்த வரி வந்து விழும் நேரத்தில், கேட்டுக்கொண்டிருப்பவனுக்கு வேறு போக்கிடமே இல்லாமல் செய்துவிட்டதுதான் ஹென்றியின் வித்தை.

இதை அமெரிக்க விடுதலை கோரிய பேச்சு என்று பொதுவாகச் சொல்கிறோம். நம் கைக்கு வந்திருக்கும் வடிவத்தில் 'தனிநாடு' என்ற கோரிக்கை எங்குமே இல்லை. அமெரிக்க விடுதலைப் பிரகடனம் 15 மாதங்களுக்குப் பிறகு வந்தது. அன்று மேசை மேல் இருந்தது ஒரே கேள்விதான்: வர்ஜீனியா தன்னைக் காத்துக்கொள்ள ஒரு குடிமக்கள் படையைத் திரட்டி, ஆயுதம் கொடுத்து, பயிற்சி அளிக்க வேண்டுமா? விடுதலை என்ற சொல்லை உச்சரிக்காமலே, அதற்குப் போகும் பாதையில் அத்தனை பேரையும் கொண்டுபோய் நிறுத்தினார் ஹென்றி.

அன்று தயங்கியவர்கள்

தயங்கியவர்களைக் கோழைகள் என்று நினைத்தால் இந்தப் பேச்சு புரியாது. எட்மண்ட் பெண்டில்டன், ராபர்ட் கார்ட்டர் நிக்கோலஸ், பெஞ்சமின் ஹாரிசன், ரிச்சர்ட் பிளாண்ட் எல்லோரும் லண்டனின் வரிகளைப் பத்தாண்டுகளாக எதிர்த்து வந்தவர்கள். 1765இல் முத்திரைச் சட்டம் வந்தது. எதிர்ப்பு கிளம்பியதால் மறு ஆண்டே அதைத் திரும்பப் பெற்றார்கள். 1767இல் புதிய வரிகள் வந்தன. 1773 டிசம்பரில் பாஸ்டன் துறைமுகத்தில் வரியை எதிர்த்தவர்கள் தேயிலைப் பெட்டிகளைக் கடலில் எறிந்தார்கள். அதற்குத் தண்டனையாக 1774 ஜூனில் அந்தத் துறைமுகத்தையே இழுத்து மூடினார்கள். ஊருக்குள் படை வந்து இறங்கியது. அந்த ஆண்டு இலையுதிர்காலத்தில் குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூட்டிய கண்ட மாநாடு அரசருக்கு ஒரு மனு அனுப்பியது. அந்த மனுவுக்கு நல்ல பதில் வரும் என்பது மிதவாதிகளின் நம்பிக்கை. பதில் வருவதற்குள் படை திரட்டினால் நாமே போரை வலிந்து அழைத்ததாகிவிடும் என்பது அவர்கள் வாதம். சாதாரண வாதம் அல்ல அது.

வர்ஜீனியாவின் இந்த மாநாடு ரிச்மண்டில் கூடியதற்கும் காரணம் உண்டு. தலைநகரான வில்லியம்ஸ்பர்க்கில் அரசரின் ஆளுநர் டன்மோர் பிரபு இருந்தார். அவர் மூக்குக்குக் கீழே உட்கார்ந்து இதைப் பேச முடியாது. அதனால் சுமார் 80 கிலோமீட்டர் தள்ளி வந்து கூடினார்கள்.

அன்று காலை நடந்தவற்றில் ஒரு சிறு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். அமெரிக்கர்களுக்கு ஆதரவாக அரசருக்கு மனு எழுதிய ஜமைக்கா சட்டமன்றத்துக்கு நன்றி தெரிவிக்கும் தீர்மானம் வந்தது. 'நாம் சுதந்திரமாகவும் மகிழ்ச்சியாகவும் வாழ்ந்த அந்த அமைதியான நாட்கள் விரைவில் திரும்ப வேண்டும்' என்ற ஆசை அந்தத் தீர்மானத்தில் சொல்லப்பட்டிருந்தது. அதையொட்டி எழுந்துதான் ஹென்றி தன் படைத்திரட்டல் தீர்மானத்தை வைத்தார். பேச்சின் தொடக்கத்தில் அவர் நம்பிக்கையைத் தாக்குவது ஏன் என்பதற்கு விடை இங்கே இருக்கிறது. பொதுவான தத்துவம் பேச அவர் எழவில்லை. சற்று முன் அந்த அறையில் வாசிக்கப்பட்ட ஒரு வாக்கியத்துக்கு அவர் மறுமொழி சொல்லிக்கொண்டிருந்தார்.

ஒவ்வொரு கதவாக

முதலில் எதிராளிகளைப் புகழ்கிறார். முன்னே பேசிய கனவான்களின் நாட்டுப்பற்றையும் திறமையையும் தன்னைவிட உயர்வாக மதிப்பவர் எவரும் இல்லை என்கிறார். ஒரே பொருளை வெவ்வேறு மனிதர்கள் வெவ்வேறு வெளிச்சத்தில் பார்ப்பதுண்டு என்கிறார். இதுவரைக்கும் மேடை நாகரிகம். அடுத்த மூச்சிலேயே, இது உபசாரம் பார்க்கும் நேரம் அல்ல என்று சொல்லி, பொருளின் அளவை ஒரேயடியாக உயர்த்துகிறார்: படை வேண்டுமா வேண்டாமா என்பது இனிப் பேச்சில்லை, சுதந்திரமா அடிமைத்தனமா என்பதுதான் கேள்வி.

அதற்கடுத்து வருவது 'துரோகம்' என்ற சொல். பத்தாண்டுகளுக்கு முன் முத்திரைச் சட்டத்தை எதிர்த்து ஹென்றி பேசியபோது, சீசரையும் அவரைக் கொன்ற புரூட்டஸையும், முதலாம் சார்லஸ் மன்னரையும் அவரை வீழ்த்திய குரோம்வெல்லையும் அடுக்கிக்கொண்டே போய், மூன்றாம் ஜார்ஜ் மன்னர் பெயரைத் தொட்டார். சபையில் "துரோகம்! துரோகம்!" என்று கூச்சல் எழுந்தது என்பது வர்ஜீனியாவில் எல்லோருக்கும் தெரிந்த கதை. இப்போது, எவரும் கூவுவதற்கு முன்பே அந்தச் சொல்லை அவரே எடுத்துக்கொள்கிறார். மனம் புண்படுமே என்று அஞ்சி இந்த நேரத்தில் வாயை மூடிக்கொண்டிருந்தால் அதுதான் நாட்டுக்குத் துரோகம், பூமியின் எல்லா அரசர்களுக்கும் மேலாகத் தான் வணங்கும் பரலோகத்தின் அரசருக்கும் துரோகம் என்கிறார். எதிராளி ஓங்குவதற்கு முன்பே அவன் கையிலிருந்த கத்தியைப் பிடுங்கிக்கொண்டாயிற்று. முதல் கதவு சாத்தப்பட்டது.

அடுத்து, நம்பிக்கை. வலிக்கிற உண்மையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொள்வதும், ஒரு மோகினியின் பாட்டைக் கேட்டுக்கொண்டே இருந்து விலங்காகிப் போவதும் மனித இயல்பு என்கிறார். கிரேக்கக் கதையில் பாட்டால் மயக்குபவர்கள் வேறு, மனிதரை விலங்காக்குபவள் வேறு. ஹென்றி இரண்டையும் ஒன்றாக்கிவிட்டார். படித்தவர் எவரும் அங்கே எழுந்து திருத்தவில்லை. சொல் வேலை செய்துகொண்டிருக்கும்போது யாரும் இலக்கணம் பார்ப்பதில்லை.

பிறகு அவர் எடுக்கும் விளக்கு, அனுபவம். என் கால்களுக்கு வழிகாட்டும் விளக்கு ஒன்றே ஒன்று, அது அனுபவம் என்கிறார். அமைச்சர்கள் சொல்வதை விட்டுவிட்டு, செய்ததைப் பார்க்கச் சொல்கிறார். இங்கே கேள்விகள் தொடங்குகின்றன. மனுவைப் புன்னகையோடு வாங்கிக்கொண்டார்களாம். அப்படியானால் நம் கடலையும் நிலத்தையும் மூடும் இந்தப் போர் ஏற்பாடு எதற்கு? அன்புக்கும் சமரசத்துக்கும் கப்பற்படையும் தரைப்படையும் வேண்டுமா? உலகின் இந்தப் பக்கத்தில் பிரிட்டனுக்கு வேறு பகைவர் உண்டா? "இல்லை ஐயா, எவரும் இல்லை. அவை நமக்காக வந்தவை." இந்த வாதத்துக்கு அன்று ஒரு பலம் இருந்தது. 1763இல் ஏழாண்டுப் போர் முடிந்து, பிரான்ஸ் வட அமெரிக்காவிலிருந்து வெளியேறிவிட்டது. பீரங்கிக் கப்பல்கள் பிரெஞ்சுக்காரருக்காக என்று சொல்லித் தப்ப வழியில்லை. ஹென்றி அந்த வரலாற்றை விளக்கவில்லை. கேட்டவர்களில் பலர் அந்தப் போரைப் பார்த்தவர்கள். வாஷிங்டன் அதில் படைத்தலைவராக இருந்தவர். அன்று அதே கூடத்தில்தான் உட்கார்ந்திருந்தார்.

இந்தப் பேச்சில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது. அவர்களை எதிர்க்க நம்மிடம் என்ன இருக்கிறது, வாதமா என்று கேட்டு, பத்தாண்டுகளாக அதைத்தானே செய்துகொண்டிருக்கிறோம் என்று அவரே பதில் சொல்கிறார். பிறகு: மனு கொடுத்தோம், முறையிட்டோம், மன்றாடினோம், அரியணையின் முன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தோம். இந்த நான்கு வினைகளையும் வரிசையாகப் படித்துப் பாருங்கள். மனு கொடுப்பவன் நிற்கிறான். முறையிடுபவன் கொஞ்சம் குரல் எழுப்புகிறான். மன்றாடுபவன் கையேந்துகிறான். கடைசியில் உடல் தரையில் கிடக்கிறது. ஒவ்வொரு வினையிலும் மனிதன் ஒரு படி கீழே இறங்குகிறான். உடனே பதில் வரிசை வருகிறது: மனுக்களை மதிக்கவில்லை, முறையீடுகளுக்குப் பதிலாக மேலும் வன்முறையும் அவமதிப்பும் வந்தன, மன்றாட்டைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை, அரியணையின் அடியிலிருந்து நம்மை இகழ்ந்து உதைத்துத் தள்ளினார்கள். முதல் வரிசையில் விழுந்த உடலுக்குத்தான் இரண்டாம் வரிசையின் கடைசியில் உதை விழுகிறது.

இந்த இடத்தில் தமிழ் ஒரு நன்மை செய்கிறது. ஆங்கிலத்தில் இருப்பது 'we' என்ற ஒரே ஒரு சொல். தமிழில் எழுதும்போது 'நாம்' என்று எழுதுவதா 'நாங்கள்' என்று எழுதுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். 'நாங்கள்' என்று எழுதினால் பேச்சே செத்துவிடும். அந்த மனுக்களை உட்கார்ந்து எழுதியவர்கள் யார்? அவருக்கு எதிரே உட்கார்ந்திருந்த மிதவாதிகள்தாம். நீங்கள் எழுதியது வீணாயிற்று என்று அவர் சொல்லவில்லை. நாம் எழுதினோம், நாம் விழுந்தோம், நம்மை உதைத்தார்கள் என்றார். அவர்களுடைய பத்தாண்டு உழைப்பைத் தன் வாதத்தின் ஆதாரமாக்கிக்கொண்டார். எதிர்த்துப் பேச வேண்டுமானால், அவர்கள் தங்கள் மனுக்களையே குறைத்துப் பேசியாக வேண்டும்.

இவ்வளவுக்கும் பிறகுதான் "நாம் போரிட வேண்டும்" என்ற வாக்கியம் வருகிறது. பேச்சில் பாதிக்கு மேல் கடந்துவிட்ட நிலை அது. மீண்டும் ஒரு முறை சொல்கிறேன், ஐயா, போரிட வேண்டும் என்கிறார். அதை முதலிலேயே சொல்லியிருந்தால் சபை காதைப் பொத்திக்கொண்டிருக்கும்.

பலவீனம் பற்றிய பகுதி வேறு மாதிரி. நாம் பலவீனர்கள் என்கிறார்கள். எப்போது பலம் பெறுவோம்? அடுத்த வாரமா, அடுத்த ஆண்டா? ஒவ்வொரு வீட்டிலும் ஒரு பிரிட்டிஷ் காவலாள் நிற்கும்போதா? கேட்பதற்குச் சிலிர்ப்பாக இருக்கிறது. நிதானமாகப் பார்த்தால், எதிராளியின் கேள்விக்கு இதில் பதிலே இல்லை. துப்பாக்கி எத்தனை, வெடிமருந்து எவ்வளவு, பணம் எங்கிருந்து வரும் என்ற பேச்சே எழவில்லை. வெடிமருந்துப் பற்றாக்குறை அன்றைக்கு மிகப் பெரிய பிரச்சினை. ஹென்றி எண்ணிக்கை ஒன்றை மட்டும் சொல்கிறார்: சுதந்திரம் என்ற புனித நோக்கத்துக்காக ஆயுதம் ஏந்திய முப்பது லட்சம் மக்கள். பேச்சின் மிகப் பலவீனமான இடம் இதுதான் என்பேன். வேகம் அந்த ஓட்டையை மூடிவிட்டது. அந்த முப்பது லட்சம் பற்றிப் பின்னால் சொல்ல வேண்டியது இருக்கிறது.

கடைசிக் கதவைச் சாத்துவது வினைச்சொல்லின் காலம். தமிழில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். போர் தவிர்க்க முடியாதது: அது வரும். உடனே, 'வரட்டும்!' இன்னொரு முறையும், 'வரட்டும்!' அடுத்த சில வாக்கியங்களில், 'போர் தொடங்கியே விட்டது.' வரும், வரட்டும், வந்துவிட்டது. மூச்சு விடும் நேரத்துக்குள் எதிர்காலம் இறந்தகாலமாகிவிட்டது. போருக்குப் போகலாமா என்று ஆலோசிக்க வந்தவர்களுக்கு ஆலோசிக்க எதுவும் மிச்சமில்லை. வடக்கிலிருந்து வீசும் அடுத்த காற்று ஆயுதங்கள் மோதும் ஓசையைக் கொண்டுவரும், நம் சகோதரர்கள் களத்தில் நிற்கிறார்கள், நாம் ஏன் இங்கே சும்மா நிற்கிறோம்? பாஸ்டன் வடக்கே இருந்தது. அன்றைய தேதியில் அங்கே போர் தொடங்கியிருக்கவில்லை. பாஸ்டனை அடுத்த லெக்சிங்டனிலும் கான்கார்டிலும் துப்பாக்கி வெடித்தது ஏப்ரல் 19ஆம் தேதி, சரியாக 27 நாட்கள் கழித்து. இதைத் தீர்க்கதரிசனம் என்று சிலர் வியக்கிறார்கள். பாஸ்டனில் படை இறங்கி மாதங்கள் ஆகியிருந்தன. அடுத்து என்ன நடக்கும் என்று ஊகிக்கத் தீர்க்கதரிசி தேவையில்லை. அதை நடந்துவிட்டதாகவே சொல்லும் துணிச்சல்தான் வேண்டியிருந்தது.

அம்மாவின் வண்டியும் வேதாகமமும்

ஹென்றி கல்லூரிக்குப் போனவர் அல்ல. கடை வைத்து நொடித்தார், விவசாயம் செய்து நொடித்தார், பிறகு சட்டம் படித்து 1760இல் வழக்கறிஞரானார். அவருக்குப் பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு நல்ல கதை உண்டு. சிறுவனாக இருந்தபோது அவர் தாய் சாரா, சாமுவேல் டேவிஸ் என்ற பிரசங்கியாரின் கூட்டங்களுக்கு மகனை வண்டியில் கூட்டிக்கொண்டு போவார். வீடு திரும்பும் வழியில், அன்றைய வசனம் என்ன, பிரசங்கத்தின் சாரம் என்ன என்று மகனைத் திரும்பச் சொல்லவைப்பார். வண்டி ஆடிக்கொண்டே போக, ஒரு பையன் பிரசங்கத்தை மனத்தில் கோத்துத் திரும்பச் சொல்கிறான். பேச்சுப் பயிற்சிக்கு இதைவிட நல்ல பள்ளி இருக்க முடியுமா?

அந்தப் பள்ளியின் பாடம் 1775 பேச்சு முழுவதும் கேட்கிறது. வேதாகமத்தைத் தமிழில் படித்தவர்களுக்கு ஒவ்வோர் இடமும் உடனே பிடிபடும். கண்ணிருந்தும் காணாதவர்கள், காதிருந்தும் கேளாதவர்கள், காலுக்குத் தீபம், முத்தத்தால் காட்டிக்கொடுப்பது, சமாதானம் இல்லாதிருந்தும் சமாதானம் சமாதானம் என்று சொல்வது, திராட்சைத் தோட்டத்துக்காரன் கடைவீதியில் நின்றவர்களைப் பார்த்து ஏன் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டது. எந்த இடத்திலும் அதிகாரம், வசனம் என்று எண் சொல்லவில்லை. எரேமியா, மத்தேயு என்று பெயரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் அது மேற்கோளாகிவிடும். சொல்லாததால் அது கேட்டவனின் சொந்த மனத்துக்குள்ளிருந்தே எழுந்தது. புன்னகையோடு மனுவை வாங்கிய அரசரை யூதாஸ் என்று அவர் அழைக்கவே இல்லை. முத்தத்தால் காட்டிக்கொடுக்கப்பட விடாதீர்கள் என்றார். மிச்சத்தைச் சபையே நிரப்பிக்கொண்டது.

கடைசி வரியும் இப்படிப்பட்டதுதான். மற்றவர்கள் எந்த வழியில் போவார்களோ எனக்குத் தெரியாது, நானோ... என்று தொடங்குகிறது அது. யாரைச் சேவிப்பது என்று நீங்களே தெரிந்துகொள்ளுங்கள், "நானும் என் வீட்டாருமோவென்றால், கர்த்தரையே சேவிப்போம்" என்று யோசுவா சொல்லும் இடத்தின் அச்சு அப்படியே இருக்கிறது. பலர் இந்த இடத்தை 'என்னைப் பொறுத்தவரை' என்று தமிழாக்குகிறார்கள். அது அலுவலகக் கடிதம். 'நானோ' என்ற ஒற்றைச் சொல்லில் இருக்கும் ஓகாரம் போதும். பேச்சு முழுக்க நாம், நாம் என்று கூட்டிக்கொண்டே வந்தவர், கடைசி மூச்சில் கூட்டத்தைவிட்டு வெளியே வந்து தனியாக நிற்கிறார். பின்தொடர்ந்து வருமாறு அவர் கேட்கவில்லை. அவரைத் தனியே விட்டுவிட்டு வீட்டுக்குப் போக எவனுக்கு மனம் வரும்?

அந்தக் 'கொடு' யாரிடம் கேட்கப்படுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். அரசரிடம் கேட்டதாகவே பெரும்பாலோர் நினைக்கிறார்கள். அதற்கு முந்தைய வாக்கியம் சர்வ வல்லமையுள்ள கடவுளை அழைத்து, இதை அனுமதிக்காதேயும் என்று வேண்டுகிறது. கேட்பது அங்கேதான். அரசரிடம் கேட்டுக் கேட்டு ஓய்ந்தது நான்கு வினைகளில் முடிந்துவிட்டது. இப்போது கேட்கும் இடமே மாறிவிட்டது.

அந்தக் கடைசி வரியை அவர் வாயால் மட்டும் சொல்லவில்லை. ஜான் ரோன் என்பவர் முதுமையில் நினைவுகூர்ந்த காட்சி இது. சங்கிலிக்கும் அடிமைத்தனத்துக்கும் விலையாகக் கொடுத்து வாங்குமளவு உயிர் அவ்வளவு அருமையா, சமாதானம் அவ்வளவு இனிப்பா என்று கேட்கும்போது ஹென்றி விலங்கிட்ட அடிமையைப் போல உடல் குனிந்து, மணிக்கட்டுகளை ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து நின்றார். விலங்கு கண்ணுக்குத் தெரிவது போலிருந்ததாம். கடவுளை அழைக்கும்போது அந்தக் கட்டுண்ட கைகள் மேலே போயின. சுதந்திரம் என்ற சொல்லில் உடல் நிமிர்ந்து, கைகள் பிரிந்து விரிந்தன. சாவு என்ற சொல்லில், இறுக மூடிய வலது கை நெஞ்சில் குத்துவாள் போல இறங்கியது.

நாம் படிப்பது யார் எழுதியது?

பேச்சின் கையெழுத்துப் படி கிடையாது. சுருக்கெழுத்தாளர் எவரும் அங்கே இல்லை. நாம் இன்று படிக்கும் வடிவம், வில்லியம் வர்ட் என்ற வழக்கறிஞர் 1817இல் வெளியிட்ட ஹென்றியின் வாழ்க்கை வரலாற்றில் முதன்முதலாக வந்தது. பேச்சு நடந்து 42 ஆண்டுகள் ஆகிவிட்டன. ஹென்றி 1799இலேயே இறந்துவிட்டார். நேரில் கேட்டவர்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்டு, அவர்கள் நினைவிலிருந்ததைக் கொண்டு வர்ட் அதைக் கட்டி எழுப்பினார். செயின்ட் ஜார்ஜ் டக்கர் என்ற நீதிபதியின் நினைவு அதில் முக்கியமானது. எவ்வளவு ஹென்றி, எவ்வளவு டக்கர், எவ்வளவு வர்ட் என்று வரலாற்றாய்வாளர்கள் இன்றுவரை வாதிடுகிறார்கள்.

சிக்கல் இன்னும் ஆழமானது. ஹென்றியின் பேச்சு ஹோமர் எழுதியது போல இருக்கும் என்று சொன்ன, விடுதலைப் பிரகடனத்தை எழுதிய ஜெஃபர்சனே, முதுமையில் வேறொன்றும் சொல்லியிருக்கிறார்: தன் கருத்துக்கு எதிராக ஹென்றி பேசும்போதும் மனம் நெகிழ்ந்து கேட்டுவிட்டு, முடிந்ததும் 'இவர் என்னதான் சொன்னார்?' என்று தன்னையே கேட்டால் விடை கிடைத்ததில்லையாம். அப்படிப்பட்ட ஒருவருடைய பேச்சை முப்பது நாற்பது ஆண்டு கழித்து வரிக்கு வரி நினைவுகூர்வது எப்படி?

என் எண்ணம் இது. எண்ணங்களின் வரிசையும் கடைசி வரியும் பெரும்பாலும் ஹென்றியுடையவை. நடுவில் உள்ள வாக்கியங்களின் மெருகு வர்ட்டுடையதாக இருக்கலாம். இப்படி நினைக்க ஒரு காரணம், நார்ஃபோக் ஊர் வணிகர் ஜேம்ஸ் பார்க்கர் 1775 ஏப்ரலில், பேச்சு நடந்து இரண்டே வாரத்தில் எழுதிய கடிதம். அவர் அரசர் பக்கத்து ஆள். ஹென்றியின் பேச்சைப் போல வெட்கங்கெட்ட ஆணவத்தைக் கேட்டிருக்கவே முடியாது என்று பொருமுகிறார். அரசரைக் கொடுங்கோலன், முட்டாள், பொம்மை, அமைச்சர்களின் கைக்கருவி என்றாராம். இங்கிலாந்தில் இப்போது ஆங்கிலேயரும் இல்லை, ஸ்காட்லாந்தியரும் இல்லை, சுகபோகத்தில் மூழ்கிய ஈனர்கள்தாம் இருக்கிறார்கள் என்றாராம். வர்ட் தந்த கம்பீரமான வடிவத்தில் இந்த வசவு எதுவும் கிடையாது. பகைவரின் காதில் விழுந்த ஹென்றி, நாம் படிக்கும் ஹென்றியைவிடக் காரமானவர். கேட்டவர்கள் காலப்போக்கில் வசவை உதறிவிட்டு, வேதாகமத்தைக் காத்து வைத்திருக்கிறார்கள்.

தீர்மானம் மிகச் சிறிய வித்தியாசத்தில் நிறைவேறியது. படைத்திட்டம் வகுக்க ஒரு குழு அமைத்தார்கள். ஹென்றி, வாஷிங்டன், ஜெஃபர்சன், ரிச்சர்ட் ஹென்றி லீ ஆகியோரோடு, எதிர்த்த பெண்டில்டனும் நிக்கோலஸும் ஹாரிசனும் அதில் இருந்தார்கள். அந்த 'நாம்' சொல் அளவிலேயே நின்றுவிடவில்லை.

மணிக்கட்டில் இருந்த சங்கிலி

இந்தப் பேச்சைப் படிக்கும்போதெல்லாம் என்னைத் தொந்தரவு செய்யும் விஷயத்துக்கு வருகிறேன். சங்கிலி, அடிமைத்தனம் என்ற சொற்கள் அந்தக் கூடத்தில் ஏன் அவ்வளவு வேலை செய்தன? லண்டன் விதித்த வரியைச் சங்கிலி என்று சொன்னால் அது உருவகம். அந்த உருவகம் அங்கே உட்கார்ந்திருந்தவர்களின் அடிவயிற்றைப் பிசைந்ததற்குக் காரணம், உண்மையான அடிமைத்தனம் எப்படியிருக்கும் என்று அவர்கள் ஒவ்வொருவருக்கும் தெரிந்திருந்ததுதான். அன்றைய வர்ஜீனியாவில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு மக்கள் ஆப்பிரிக்க அடிமைகள். மாநாட்டுப் பிரதிநிதிகளில் பெரும்பாலோர் புகையிலைத் தோட்டக்காரர்கள். அடிமைகளை விலைக்கு வாங்கியவர்கள், விற்றவர்கள். ஹென்றி தன் மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்துக் குனிந்தபோது, அந்தத் தோற்றத்தை அவர்கள் தங்கள் சொந்தத் தோட்டத்திலேயே பார்த்திருந்தார்கள். நமக்கும் அந்தக் கதி வந்துவிடும் என்பதுதான் அவர்களை உலுக்கிய பயம். அவர் சொன்ன முப்பது லட்சம் மக்களில் ஏறத்தாழ 5 லட்சம் பேர் அடிமைகள். அவர்கள் கையில் ஆயுதம் கொடுக்க அந்தக் கூடத்தில் எவரும் நினைக்கவில்லை.

ஹென்றிக்கு இது தெரியாமல் இல்லை. பேச்சுக்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 1773 ஜனவரியில், அடிமைமுறையை எதிர்த்த ராபர்ட் பிளெசன்ட்ஸ் என்பவருக்கு (குவேக்கர் என்ற கிறித்தவப் பிரிவைச் சேர்ந்தவர்) எழுதிய கடிதத்தில் அவரே சொல்கிறார்: நானே விலை கொடுத்து வாங்கிய அடிமைகளுக்கு நான் எசமானன் என்றால் யாராவது நம்புவார்களா? அவர்கள் இல்லாமல் வாழ்வதில் உள்ள அசௌகரியம் என்னை இழுத்துக்கொண்டு போகிறது. இதை நியாயப்படுத்த மாட்டேன், என்னால் முடியாது. கதவுகளை ஒவ்வொன்றாகச் சாத்தி, தப்ப இடமில்லாமல் சபையை மடக்கத் தெரிந்த மனிதர், தன்னை மட்டும் ஒரு கதவு வழியாக வெளியே விட்டுவிட்டார். அந்தக் கதவின் பெயர் அசௌகரியம். இறக்கும்போது அவரிடம் 67 அடிமைகள் இருந்தார்கள்.

1775 நவம்பரில், அரசருக்கு எதிராகக் கிளம்பியவர்களின் அடிமைகள் அரசர் படையில் வந்து சேர்ந்தால் அவர்களுக்கு விடுதலை என்று டன்மோர் பிரபு அறிவித்தார். இரக்கத்தால் வந்த அறிவிப்பு அல்ல அது. படைக்கு ஆள் வேண்டும், தோட்டக்காரர்களின் இடுப்பை முறிக்க வேண்டும். ஆனாலும் நூற்றுக்கணக்கானவர்கள் உயிரைப் பணயம் வைத்து ஓடிவந்து சேர்ந்தார்கள். அப்போது வர்ஜீனியப் படைத்தலைவராக இருந்த ஹென்றி மாவட்டத் தலைவர்களுக்குச் சுற்றறிக்கை அனுப்பினார். அந்த அறிவிப்பு பொதுமக்களின் பாதுகாப்புக்குப் பேராபத்து, அடிமைகளை இடைவிடாமல் கண்காணிக்க வேண்டும், ஓயாத ரோந்து இன்றியமையாதது என்று அதில் இருந்தது.

டிசம்பர் 9ஆம் தேதி, நார்ஃபோக்குக்குத் தெற்கே கிரேட் பிரிட்ஜ் என்ற இடத்தில், சதுப்பு நிலத்துக்கு நடுவே போன ஒரு பாதையில் இரண்டு பக்கமும் மோதின. வர்ஜீனியப் படையில் கல்பெப்பர் மாவட்டத்து வீரர்கள் இருந்தார்கள். வேட்டைக்காரர்கள் போடும் முரட்டுச் சட்டை. நெஞ்சில் வெள்ளை எழுத்துகளில் ஹென்றியின் வரி, "சுதந்திரம் அல்லது சாவு". எதிரே நின்ற டன்மோரின் படையில், ஓடிவந்த அடிமைகளைக் கொண்டு அமைத்த எத்தியோப்பியப் படைப்பிரிவு இருந்தது. அவர்கள் நெஞ்சிலும் எழுத்து இருந்ததாக அன்றைய வர்ஜீனியச் செய்தித்தாள் எழுதியது. அதில் இருந்தது: "அடிமைகளுக்குச் சுதந்திரம்".